பெயரின்றி வாழ்ந்த பெருமீன்

காவிரி என்றதும் நம் நினைவுக்கு வருவன நெல்வயல்களும் அணைகளும் நீர்ப்பங்கீட்டு வழக்குகளுமே. அந்நீரையே வீடாகக் கொண்ட உயிர்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஆற்று நீரில் உழவனுக்குப் பங்குண்டு, நகரத்தானுக்குப் பங்குண்டு. மீனுக்கும் ஒரு பங்குண்டு என்பதை எந்த ஒப்பந்தமும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அவ்வாறு மறக்கப்பட்ட ஒரு மீனின் வரலாறு, இயற்கையைக் காக்க விரும்பும் நல்லெண்ணம் எந்த இடத்தில் வழி தவறக்கூடும் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

குடகு மலையில் பிறக்கும் காவிரி, சிவனசமுத்திர அருவியாக வீழ்ந்தபின், மேகதாட்டுப் பாறை இடுக்கு வழியாக ஒகேனக்கல் நோக்கிக் காட்டினூடே பாய்கிறது. ஆழ்ந்த மடுக்களும் விரைந்தோடும் நீரும் மாறிமாறி வரும் இப்பகுதி, மகசீர் எனப்படும் பெருமீனுக்கு ஏற்ற இடம். இது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தலைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் திமிலும், செம்மஞ்சள் நிறத் துடுப்புகளும் காவிரி மகசீரின் அடையாளங்கள். உலகின் மகசீர் இனங்களுள் இதுவே மிகப் பெரிதாக வளர்வது என்பர். 1946 ஆம் ஆண்டில், காவிரியின் கிளையாறான கபினியில், மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவரின் தூண்டிலில் அகப்பட்ட மீன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை கொண்டிருந்தது.

தூண்டிலிடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873 ஆம் ஆண்டில் இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவது குறித்து நூலொன்றை வெளியிட்டார். மீன்குஞ்சுகள் வகைதொகையின்றி அழிக்கப்படுவதைக் குறித்தும் அவர் கவலை கொண்டிருந்தார். பின்னர் 1897 ஆம் ஆண்டில் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தது. வெடியோ ஆற்றில் வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு மடுவில் போடப்படும் ஒரே வெடி, பெரிய மீனோடு குஞ்சுகளையும் சேர்த்தே மாய்த்துவிடும். நீண்ட காலம் வாழ்ந்து மெதுவாக வளரும் இத்தகைய மீனினத்திற்கு அந்த இழப்பை ஈடு செய்ய ஆண்டுகள் பல வேண்டும்.

தூண்டில்காரர்களின் காவல்

இந்நிலையில், 1972 ஆம் ஆண்டில் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தோன்றியது. தூண்டிலிடுவதில் ஈடுபாடு கொண்ட அச்சங்கத்தார், காவிரியின் ஒரு பகுதியை அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்றுக் காவலர்களை அமர்த்தினர். பின்னர், கர்நாடக அரசின் சுற்றுலா நிறுவனமும் பீமேசுவரி, தொட்டமக்களி, காலிபோர் ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்களை நடத்தியது. வெளிநாடுகளிலிருந்தும் தூண்டில்காரர்கள் வந்தனர். கேழ்வரகு மாவை உருட்டி இரையாக்கினர். பரிசலில் சென்று மடுக்களில் தூண்டிலிட்டனர். அகப்பட்ட மீனை எடை பார்த்து உயிரோடு ஆற்றிலேயே விட்டனர். பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பதே அங்கு முதல் விதி.

இம்முகாம்களின் சிறப்பு அவ்விதியோடு முடிந்துவிடவில்லை. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்து வாழ்ந்த உள்ளூர் மக்கள் சிலருக்கு, அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை கிடைத்தது. ஆற்றின் ஒவ்வொரு மடுவையும் அறிந்திருந்த அவர்களுடைய அனுபவம், அழிப்பதற்கு மாறாகக் காப்பதற்குப் பயன்பட்டது. செத்த மீன் ஒரு முறை மட்டுமே விலைபோகும். உயிருள்ள மீன் பல முறை ஊதியம் தரும் என்ற எளிய கணக்கு, சட்டத்தால் ஆகாததைச் செய்தது. தூண்டில் மனிதனின் விளையாட்டு. மீனுக்கோ அது வேதனை. இதை மறுப்பதற்கில்லை. எனினும், அந்தத் தூண்டில்காரர் இருந்த இடத்தில் வெடிகாரர் வரத் தயங்கினர் என்பதும் உண்மை.

நல்லெண்ணம் கொணர்ந்த விருந்தாளி

இதே காலத்தில் மற்றொரு நற்பணியும் நடந்தது. மகாராட்டிர மாநிலம் லோனாவ்லாவில், டாட்டா மின்நிறுவனத்தார் நீலத்துடுப்பு மகசீரின் முட்டைகளைச் செயற்கை முறையில் கருவுறச் செய்து, குஞ்சுகளைப் பெருமளவில் வளர்த்தனர். 1970களில் தொடங்கிய அம்முயற்சியின் பயனாகக் குஞ்சுகள் நாட்டின் பல நீர்நிலைகளுக்கு அனுப்பப்பட்டன. காவிரிக்கும் அவை வந்து சேர்ந்தன. குறைந்துவரும் மகசீர்களை மீண்டும் பெருகச் செய்வதே அனைவரின் நோக்கமும். மகசீர் என்ற ஒரே சொல்லின் கீழ்ப் பல இனங்கள் இருப்பதையும், காவிரிக்கு உரியது வேறு, வந்தது வேறு என்பதையும் அன்று எவரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை.

விளைவைக் காட்டியவை தூண்டில் முகாம்களின் பதிவேடுகளே. எவர், எத்தனை மணி நேரம் தூண்டிலிட்டார், எத்தனை மீன் அகப்பட்டது, அவற்றின் எடை என்ன என்பன அவற்றில் குறிக்கப்பட்டிருந்தன. 1998 முதல் 2012 வரையிலான காலிபோர் முகாமின் குறிப்புகளை ஆங்கிலேய அறிஞர் ஏட்ரியன் பிண்டரும், கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவனும், அவர்களோடு பணியாற்றியோரும் ஆராய்ந்தனர். 6,000க்கும் மேற்பட்ட மீன்களின் கணக்கு அதில் இருந்தது. முதற்பார்வையில் அது மகிழ்ச்சி தரும் செய்தியாகவே தோன்றியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அகப்படும் மீன்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் அவற்றின் சராசரி எடை குறைந்திருந்தது. மேலும் நுணுகிப் பார்த்தபோது, பெருகியிருந்தது விருந்தாளியாக வந்த நீலத்துடுப்பு மகசீர் என்றும், திமில் மகசீர் ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது என்றும் தெரிந்தது. மீன் இருக்கிறது என்று அனைவரும் மகிழ்ந்திருந்தபோதே, ஆற்றுக்கு உரிய மீன் ஆற்றை விட்டு மறைந்துகொண்டிருந்தது.

பழி முழுவதையும் விருந்தாளியின் மேல் சுமத்துவது நீதியாகாது. அணைகள் நீரோட்டத்தையும் மீன்களின் இடப்பெயர்ச்சியையும் தடுத்தன. மணல் அள்ளுதல் ஆற்றுப்படுகையைச் சிதைத்தது. வெடியும் முற்றிலும் ஓயவில்லை. தலைக்காவிரி முதல் கடைமடை வரை ஆறு ஒன்றே. ஒரு முகாமின் எல்லைக்குள் மட்டும் அதைக் காத்துவிட முடியாது.

பெயர் கிடைத்த நாள்

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் புகழ்பெற்றிருந்த இம்மீனுக்கு, உறுதியான அறிவியற்பெயர் இருக்கவில்லை. வேறொரு மீனுக்கு உரிய பெயர் நெடுங்காலம் தவறாக இதற்குச் சூட்டப்பட்டிருந்தது. இதற்கிடையே, கேரளத்தில் தோன்றி அமராவதியோடு கலக்கும் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களுக்கு, 2007 ஆம் ஆண்டில் குருப், ராதாகிருஷ்ணன் என்னும் அறிஞர் இருவர், இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரெமாதேவி அம்மையாரைச் சிறப்பிக்கும் வகையில் தோர் ரெமாதேவி என்று பெயரிட்டனர். நீலகிரிச் சாரலில் ஓடிப் பவானியில் சேரும் மாயாற்றில் கிடைத்த திமில் மகசீரையும் அம்மீனையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று 2018 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் நிறுவினர். பெயர் உறுதியான அதே ஆண்டில், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பிலுள்ள இனமாக இதனைச் சேர்த்தது. பெயரற்ற உயிரைப் பட்டியலில் சேர்க்க இயலாது. காப்பதற்கு முதற்படி, காக்கப்படுவது இன்னது என்று அறிவதே.

இதற்கிடையில் சட்டம் வேறொரு திருப்பத்தைக் கண்டது. முகாம்கள் இருந்த பகுதி 1987 ஆம் ஆண்டிலேயே காவிரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்தது. சரணாலயத்துக்குள் தூண்டிலிடுவதும் வேட்டையே என்ற கருத்து வலுப்பெற்று, 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்குத் தூண்டில் விளையாட்டு நின்றுபோனது. எந்த உயிரையும் விளையாட்டுக்காகத் துன்புறுத்தலாகாது என்னும் எண்ணம் போற்றத்தக்கதே. ஆனால் தூண்டில்காரரோடு காவலும் பதிவேடும் சேர்ந்தே சென்றுவிட்டன என்றும், திருட்டு மீன்பிடிப்புக்கு அது வழி திறந்துவிட்டது என்றும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். தடை விதிப்பது ஒரு நாள் வேலை. தடைக்குப் பின் ஆற்றங்கரையில் யார் நிற்பார் என்ற கேள்விக்கு விடை காண்பதே ஆண்டு முழுவதற்குமான வேலை.

இவ்வரலாற்றில் தீயவர் என்று சுட்டத்தக்கவர் மிகச் சிலரே. வெடி வைத்தவர்களைத் தவிர ஏனையோர் அனைவரும் மீனை நேசித்தவர்கள். சங்கத்தார் நேசித்தனர், குஞ்சு வளர்த்தோர் நேசித்தனர், தடை விதித்தோரும் நேசித்தனர். ஆயினும் மீன் அழிவின் விளிம்புக்கு வந்து நிற்கிறது. நேசத்தோடு நுண்ணறிவும் சேராவிடில் அது எத்துணை எளிதில் தவறிப்போகும் என்பதை இது உணர்த்துகிறது. எண்ணிக்கை பெருகினால் போதும் என்று நாம் நிறைவடைந்து விடுகிறோம். பெருகுவது எது, மறைவது எது என்று கேட்பதில்லை. ஆற்றில் மட்டுமன்று, நம் பொதுவாழ்விலும் இந்நோய் உண்டு.

மாயாற்றில் எஞ்சியிருக்கும் திமில் மகசீர்கள் பெருக வேண்டுமாயின், வேற்றிடத்துக் குஞ்சுகள் அங்கு விடப்படாதிருக்க வேண்டும்; நீரோட்டம் காக்கப்பட வேண்டும்; கரையில் வாழும் மக்கள் காவலில் பங்குபெற வேண்டும்; யாரேனும் ஒருவர் பொறுமையோடு பதிவேட்டை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பவானி வழியாகக் காவிரியில் கலக்கும் அந்நீரே நம் வயல்களுக்கும் வீடுகளுக்கும் வருகிறது. அதில் தனக்குரிய பங்கை அம்மீன் நம்மிடம் கேட்க இயலாது. அதற்காகக் கேட்க வேண்டியவர்கள் நாமே.