புறநகரின் பெருக்கமும் பள்ளி வரியும்: லெவிற்றவுன் வரலாறு

உள்ளூராட்சியின் சிறப்பினை எடுத்துரைப்போர் ஒரு காரணத்தை முதன்மையாகக் கூறுவர். வரி கொடுப்போரும் அதனைச் செலவிடுவோரும் அருகருகே வாழ்வராயின், பிழை நேர்ந்தவிடத்து உடனே கேள்வி கேட்டல் இயலும் என்பதே அது. இக்கொள்கை எவ்விடத்து நிலைபெறும், எவ்விடத்துத் தளரும் என்பதனை ஆராய்வார்க்கு, ஐக்கிய அமெரிக்காவின் நியூ யோர்க் மாநிலத்திலுள்ள லெவிற்றவுன் என்னும் புறநகர் தக்கதொரு சான்றாகும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து வீரர்கள் தாயகம் மீண்டபொழுது, அவர்கள் குடியிருக்க வீடுகள் போதியனவாக இருக்கவில்லை. 1944ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் வீட்டுக் கடன் பெறுதற்கு வழிவகுத்திருந்தது. இந்நிலையில், லெவிற் நிறுவனத்தார் லோங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த வயல்களை வாங்கி, ஒரே அமைப்பினவாகிய வீடுகளைப் பெருந்தொகையாகக் கட்ட முற்பட்டனர். நிலக்கீழறையின்றிக் கொங்கிரீட்டுத் தளத்தின்மேல் வீடு கட்டுதலை ஹெம்ஸ்டெட் உள்ளூராட்சிச் சபையின் விதி தடுத்தது. 1947 மே மாதத்தில் அவ்விதி விவாதிக்கப்பட்டபொழுது, முன்னைப் போர்வீரர் பலர் சபையில் திரண்டனர்; விதியும் திருத்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 1ஆம் தேதி முதற் குடும்பங்கள் குடிபுகுந்தன. 1951ஆம் ஆண்டளவில் 17,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1960ஆம் ஆண்டுக் குடிமதிப்பு அங்கு 65,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்ததைக் காட்டுகின்றது.

மக்கள் திரண்டு கேட்டவிடத்து அதிகாரம் செவிசாய்த்தது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. எனினும், அம்மக்கள் யாவர் என்ற வினாவும் உண்டு. வீட்டு வேலையாட்கள் ஒழிய, வெள்ளையினத்தவர் அல்லாதார் அவ்வீடுகளில் வாழ்தலாகாது என்று தொடக்ககால ஒப்பந்தங்கள் விதித்தன. இத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றிவைத்தல் கூடாதென 1948இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதன் பின்னரும் கறுப்பினத்தவர்க்கு வீடு விற்க நிறுவனத்தார் இசைந்திலர். ஆகவே, ஊர்க் கூட்டத்திலே பேசும் உரிமை, ஊருக்குள் வரும் வாயிலிலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது.

இத்துணைப் பெருகியும் லெவிற்றவுன் தனி நகராகவில்லை. அதற்கெனத் தனி நகர முதல்வரோ நகர சபையோ இல்லை; பொதுக் கருமங்களில் அது ஹெம்ஸ்டெட் சபைக்கு உட்பட்டிருந்தது. அதன் வீடுகளும் ஒரே பள்ளி வட்டாரத்தில் அடங்காமல் வெவ்வேறு வட்டாரங்களிற் பிரிந்து நின்றன. மக்கள் தம் அண்டை அயலாரைத் தாமே தெரிந்தெடுத்து நேரே வினவக்கூடியதாயிருந்த மன்றம் பள்ளிச் சபை ஒன்றே. ஆண்டுதோறும் பள்ளி வரவு செலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு விடப்படும். அது தோற்குமாயின் இன்றியமையாச் செலவுகள் மட்டுமே செய்யப்படும். வீடுகளை நிறுவனம் கட்டியது. பிள்ளைகளின் கல்விச் சுமையோ வரி செலுத்துவோர் தலைமேல் வந்தது. புதிய வகுப்பறைகளும் தேர்ந்த ஆசிரியரும் வேண்டுமென இளம் பெற்றோர் வாதித்தனர். கடன் தவணையோடு வரியையும் தாங்கவியலாதோரும், தம் பிள்ளைகளைத் திருச்சபைப் பள்ளிகளுக்கு அனுப்பியோரும் சிக்கனம் வேண்டினர். இரு திறத்தார் கூற்றிலும் நியாயம் இருந்தது.

இவ்விவாதத்தால் தீராத குறை வரி முறையிலேயே இருந்தது. பள்ளிச் செலவின் பெரும்பங்கு வட்டாரத்தின் அசையாச் சொத்துமீது விதிக்கப்படும் வரியாற் பெறப்பட்டது. ஒரு வட்டாரத்தில் மாணவர் ஒருவருக்கு 20,000 டொலர் பெறுமதியான சொத்தும், மற்றொன்றில் 1,00,000 டொலர் சொத்தும் உள்ளன எனக் கொள்க. இரண்டும் நூற்றுக்கு இரண்டு வீதம் வரி விதித்தால், முன்னையது 400 டொலரும் பின்னையது 2,000 டொலரும் பெறும். முயற்சி ஒன்றே, பயனோ ஐந்து மடங்கு வேறுபடும். பெரிய தொழிற்சாலைகளும் வாணிப நிலையங்களும் உள்ள வட்டாரத்தார் எளிதில் ஈட்டுவதனைச் சிறு வீடுகளும் மிகுந்த பிள்ளைகளும் உள்ள வட்டாரத்தார் உயர்ந்த வரி விதித்தும் எய்தார்.

1973ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநில வழக்கொன்றில், இத்தகைய ஏற்றத்தாழ்வு கூட்டாட்சி அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் தீர்த்தது. எனவே, மாநில அரசியலமைப்பையே பெரிதும் நம்பி, லெவிற்றவுன் பள்ளிச் சபையைத் தலையாகக் கொண்ட 27 வட்டாரங்கள் 1974இல் நியூ யோர்க் மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 1978இல் விசாரணை நீதிமன்றம் அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயின், 1982 ஜூன் மாதத்தில் மாநிலத்தின் அதியுயர் மேன்முறையீட்டு மன்றம் அதனை மாற்றியது. மாநிலம் நல்ல அடிப்படைக் கல்வியை அளிக்கக் கடமைப்பட்டது. அதற்கு மேற்பட்ட சமத்துவத்தை அரசியலமைப்பு வேண்டவில்லை. உள்ளூர் மக்கள் தம் பள்ளியைத் தாமே நடத்தும் உரிமையைப் பேணுதல் தகுந்த நோக்கமே என அம்மன்றம் கருதியது.

அதே மாதத்தில் அதே புறநகரின் மற்றொரு வழக்கும் தீர்க்கப்பட்டது. லெவிற்றவுனின் ஒரு பகுதி ஐலண்ட் ட்ரீஸ் என்னும் பள்ளி வட்டாரத்திற்கு உரியது. அதன் பள்ளிச் சபை 1976இல் ஒன்பது நூல்களை நூலகங்களிலிருந்து அகற்றியது.  மாணவர் வழக்காடினர். வழக்கு முழு விசாரணைக்குரியதென உயர் நீதிமன்றம் 5க்கு 4 எனத் தீர்த்தது. கருத்துப் பிடிக்கவில்லை என்ற காரணத்தால் மட்டும் நூலை அகற்றலாகாது என நீதிபதி பிறெனன் எழுதினார். நூல்கள் பின்னர் நூலகத்திற்கு மீண்டன.

இவ்விரு தீர்ப்புகளையும் ஒருங்கு நோக்கினால் உள்ளூராட்சியின் இரு எல்லைகள் புலப்படும். வாக்காளரின் ஆதரவு ஒன்றே கொண்டு பள்ளிச் சபை மாணவரின் உரிமையைப் புறக்கணித்தலாகாது என்பது ஒன்று. வளமின்றிப் பொறுப்பை மட்டும் உள்ளூரில் வைத்தல் பயனற்றது என்பது மற்றொன்று. பள்ளியின் குறையைப் பற்றிப் பெற்றோர் பள்ளிச் சபையை வினவினால், சொத்து இல்லை என்று அது விடை கூறும். மாநிலத்தை வினவினால், அஃது உள்ளூர் விருப்பம் என்று விடை கிடைக்கும். இருவரும் விடை கூறுவர், பொறுப்பேற்பார் எவருமிலர். கணக்குக் கேட்கும் உரிமை பயனுறவேண்டுமாயின், கேட்கப்படுவோர் கையில் அதற்கேற்ற பொருளும் இருத்தல் வேண்டும்.

லெவிற்றவுன் தோற்ற அவ்வழக்கு வீணாகவில்லை. நல்ல அடிப்படைக் கல்வி மாநிலத்தின் கடன் என்று தோல்வித் தீர்ப்பிலே கூறப்பட்ட அச்சொற்களையே பற்றுக்கோடாகக் கொண்டு, நியூ யோர்க் நகரப் பெற்றோரும் பிறரும் 1993இல் வழக்குத் தொடுத்தனர். அந்நகரப் பிள்ளைகளுக்கு அக்கல்வி கிடைக்கவில்லை என்றும், அக்குறையை மாநிலமே நீக்குதல் வேண்டும் என்றும் அதே மேன்முறையீட்டு மன்றம் 2003இல் தீர்ப்பளித்தது.