கால்வாயின் அடியில் மின்சாரம்

இங்கிலாந்திலும் பிரான்சிலும் மின்சாரத் தேவை ஒரே வேளையில் உச்சத்தை எட்டுவதில்லை. ஒருவர் மிச்சத்தை மற்றவர் வாங்கிக்கொண்டால் என்ன? இந்த எண்ணத்தில்தான் 1961-இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் 160 மெகாவாட் கேபிள்களைப் போட்டார்கள்.

நம் வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்தையே அனுப்பக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கடலடிக் கேபிள் ஒரு நீண்ட மின்தேக்கி. நொடிக்கு 50 சுற்று வீதம் அதை நிரப்பி வடிப்பதற்கே மின்னோட்டத்தில் ஒரு பகுதி போய்விடும். தவிர, இரு நாட்டு மின்னமைப்புகளும் இம்மியும் பிசகாமல் ஒரே தாளத்தில் இயங்கியாக வேண்டும். நேர்மின்னோட்டத்தில் இத்தொல்லைகள் இல்லை. ஆகவே, இரு கரைகளிலும் பாதரச வில் வால்வுகளை வைத்து மின்னோட்டத்தை மாற்றினார்கள்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. கடல் தரையில் கிடந்த கேபிள்களைக் கப்பல்களின் நங்கூரங்களும் மீன்பிடி வலைகளும் அடிக்கடி சிதைத்தன. நங்கூரத்துக்கு மின்னியல் தெரியுமா, என்ன? 1986-இல் 2,000 மெகாவாட்டுக்குப் புதிய கேபிள்கள் போட்டபோது, கடல் தரையில் பள்ளம் தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.