இழந்த எடையின் கணக்கு: ஜோசப் பிளாக்கின் சுண்ணாம்புச் சோதனைகள்

பொருண்மை அழியா விதியை லவாய்சியேயின் பெயரோடு இணைத்துக் கூறுவது பாடநூல் மரபு. 1789இல் வெளிவந்த அவரது வேதியியல் நூலில் அவ்விதி தெளிவான சொல்வடிவம் பெற்றது என்பது உண்மையே. ஆயினும் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, கண்ணுக்குப் புலப்படாத வளிமத்தைக் கணக்கிடும் கருவியாக அது எடின்பரோவில் கையாளப்பட்டிருக்கிறது. கையாண்டவர் ஜோசப் பிளாக். 1754இல் மருத்துவப் பட்ட ஆய்வேட்டில் தொடங்கிய அவரது சோதனைகள் 1756இல் விரிவாக அச்சேறின.

சுட்ட சுண்ணாம்பின் காரத்தன்மை எங்கிருந்து வருகிறது என்பதே அன்றைய சிக்கல். சூளைத் தீயிலிருந்து சுண்ணாம்பு நெருப்புத் துகள்களை ஏற்றுக்கொள்கிறது என்பது பரவலான கருத்து. பிளாக் தராசை நாடினார். 2 டிராம், அதாவது 120 கிரெய்ன் சீமைச் சுண்ணாம்பைச் சுட்டபோது எஞ்சியது 68 கிரெய்ன். ஏதோ சேர்ந்திருந்தால் எடை கூடியிருக்க வேண்டும். மாறாக 52 கிரெய்ன் குறைந்தது. வெளியேறியது நீராக இருக்கலாமே என்ற ஐயத்திற்கும் அவரிடம் விடை இருந்தது. வெள்ளை மெக்னீசியாவை வாலையில் இட்டு வடித்தபோது கிடைத்த நீர், இழந்த எடைக்கு ஈடாகவில்லை. எனவே எஞ்சிய குறை காற்றினுடையது என்று கொண்டு, அதை ‘நிலைக்காற்று’ என்றார்.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இக்கணக்கில் பிளாக் அவ்வளிமத்தை நேரடியாக நிறுக்கவில்லை. முன்னெடைக்கும் பின்னெடைக்கும் உள்ள வேறுபாட்டையே அதன் எடையாகக் கொண்டார். பொருண்மை அழியாது என்பதை அவர் மெய்ப்பிக்கவில்லை, எடுகோளாகக் கொண்டார். அவ்வெடுகோளுக்கு வலுச் சேர்த்தது மறுதலைச் சோதனையாகும். சுட்ட சுண்ணாம்பைத் தூளாக்கிக் கார உப்புக் கரைசலில் இட்டு, கழுவி உலர்த்தியபின் நிறுத்தார்: 118 கிரெய்ன். கழுவுதலில் நேரும் இழப்பை எண்ணினால் 2 கிரெய்ன் குறை பெரிதன்று. கார உப்பிலிருந்த நிலைக்காற்று சுண்ணாம்புக்கு மாறியிருந்தது.

இன்றைய மாணவர் இதே கணக்கை எளிதில் செய்வர். 100 பங்கு கால்சியம் கார்பனேட் 44 பங்கு கார்பன் டை ஆக்சைடைத் தரும்; 120 கிரெய்னுக்கு 52.8 கிரெய்ன். பிளாக்கின் 52 இதற்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமானது. அவரது சுண்ணாம்பின் தூய்மை நமக்குத் தெரியாத நிலையில், இதை முழுவதும் திறமையின் கணக்கில் எழுதுவது பொருந்தாது.

இத்தகைய சான்றும் வாதத்தை முடித்துவிடவில்லை. 1764இல் ஜெர்மானிய மருந்தாளர் மேயர், தீயிலிருந்து ஓர் அமிலப்பொருள் சுண்ணாம்பில் சேர்கிறது என்று எதிர்க்கொள்கை வைத்தார். எடையே இறுதித் தீர்ப்பு என்ற இசைவு அன்றைய வேதியியலாரிடையே இன்னும் உருவாகவில்லை என்பதையே இது காட்டுகிறது.

தராசு இருந்தும் பிழை நேரக்கூடும் என்பதற்கு ராபர்ட் பாயில் சான்று. 1673இல் வெளியிட்ட சோதனைகளில், மூடிய கண்ணாடிக் கலத்தில் உலோகத்தைச் சூடாக்கி, கலத்தைத் திறந்த பின்னர் நிறுத்தார். வெளிக்காற்று உட்புகுந்ததைக் கணக்கில் கொள்ளாமல், கூடிய எடையைக் கண்ணாடியை ஊடுருவிய தீத்துகள்களுக்கு உரியதாக்கினார். 1774இல் லவாய்சியே வெள்ளீயத்தைக் கொண்டு அதே சோதனையைச் செய்தபோது, கலத்தைத் திறப்பதற்கு முன்பே நிறுத்தார், எடை மாறவில்லை. திறந்ததும் காற்று இரைந்து உட்புகுந்தது. அப்போது கூடிய எடை, வெள்ளீயத்தில் கூடிய எடைக்கு ஏறத்தாழச் சமமாக இருந்தது.