எஞ்சிய வலிமையிலிருந்து: வேலூரில் மறுவாழ்வு மருத்துவம் வளர்ந்த வரலாறு

நோயோ விபத்தோ உடலின் ஒரு பகுதியை முடக்கிவிட்டால், எஞ்சியிருக்கும் வலிமையைக் கொண்டு வாழப் பழக்குவது மறுவாழ்வு மருத்துவம். இந்தியாவில் அது தனித் துறையாக உருவெடுத்த வரலாற்றில் வேலூருக்கு முதன்மையான இடம் உண்டு. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிறு மருத்துவமனை, சி.எம்.சி. என்று எல்லோரும் அறிந்த கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. மறுவாழ்வுப் பணிக்கு அங்கே வழிவகுத்தவர்கள் தொழுநோயாளிகள்.

1940களில் தொழுநோய்க்கு சல்போன் மருந்துகள் வந்துவிட்டன. கிருமி கட்டுப்பட்டது, ஆனால் மடங்கி இறுகிய விரல்கள் அப்படியே இருந்தன. நோய் தணிந்தவரையும் அந்தக் கையைக் கண்டே ஊர் விலக்கியது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, லண்டனில் மருத்துவம் பயின்ற அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, முடங்கியதாகத் தோன்றிய கைகளிலும் பிடி வலுவாக இருப்பதைக் கவனித்தார். எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்தது.

அந்தக் கவனிப்பே சிகிச்சைக்கு அடித்தளம். தொழுநோய் முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அருகே செல்லும் சில நரம்புகளைத் தாக்கும். உள்ளங்கையின் சிறு தசைகள் ஓய்ந்துபோகும். முன்கையின் பெரிய தசைகள் பல தப்பிவிடும். அப்படித் தப்பிய தசை ஒன்றின் தசைநாணை இடம் மாற்றி விரல்களில் இணைத்தால், விரல்கள் மீண்டும் நிமிரும், மடங்கும். தைத்து முடித்ததோடு வேலை தீராது. மணிக்கட்டை அசைத்துப் பழகிய தசை, இனி விரலை அசைக்கக் கற்க வேண்டும். நோயாளி வாரக்கணக்கில் பயிற்சி செய்து தன் மூளைக்கும் கைக்கும் புதிய பழக்கத்தை ஏற்படுத்த வேண்டும்.

விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கையும் தவறென்று தெரிந்தது. உணர்ச்சியிழந்த கைக்குச் சூடும் வெட்டும் தெரிவதில்லை; காயத்தோடு உழைப்பதால்தான் விரல் தேய்கிறது. எனவே கைகால்களை நாள்தோறும் கண்ணால் சோதிப்பதும், சூடான பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடிப்பதும், கருவியை அளவான அழுத்தத்தோடு கையாள்வதும் நோயாளிகளுக்குக் கற்பிக்கப்பட்டன. வலி செய்துவந்த காவலைக் கண் ஏற்றுக்கொண்டது.

கை சீரானவர்களுக்கு அடுத்த சிக்கல் பிழைப்பு. பிச்சை எடுத்துவந்தவருக்கு, கை திருந்திய பின் அந்த வருமானம் குறைந்தது. வேலை தரவும் யாருமில்லை. இதற்காகக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. எளிய குடில்களில் தங்கி, தச்சு வேலையும் மரப் பொம்மை செய்வதும் கற்றுக்கொண்டு பலர் சொந்தக் காலில் நின்றனர்.

1954இல் நேர்ந்த சாலை விபத்து இந்தப் பணியை விரிவாக்கியது. கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ் வேலூரில் இளம் மருத்துவராக இருந்தார். அந்த விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே அவருக்குச் செயலும் உணர்வும் அற்றுப்போயின. மருத்துவ வாழ்க்கை முடிந்தது என்றே கருதக்கூடிய நிலை. கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்ட் வழிகாட்டினார். வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து, தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவை மருத்துவரானார். தம்மைப் போன்றவரே கத்தியெடுத்துச் சிகிச்சை செய்வதைக் கண்ட நோயாளிகளுக்கு அது எந்த அறிவுரையையும் விடப் பெரிய துணிவைத் தந்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சை பெற்றுத் தன்னந்தனியே இயங்கப் பழகினார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நிறுவிய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் உயர்பயிற்சி பெற்றுத் திரும்பினார். வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். உள்நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் 1966இல் வேலூர்ப் பகுதியான பாகாயத்தில் திறக்கப்பட்டது. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார்.

இத்தகைய நிலையத்துக்கு வரும், முதுகுத்தண்டு அடிபட்டவருக்குப் பெரும் ஆபத்து படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். படுத்திருப்பவரை உரிய நேரத்தில் புரட்டிப் படுக்கவைப்பது, தோலைச் சோதிப்பது, சிறுநீர்ப்பையைப் பேணுவது ஆகியவற்றை நோயாளியோடு அவர் குடும்பத்தாரும் கற்க வேண்டும். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற, உடை உடுத்த, வீட்டு வாசற்படியைக் கடக்க, புதிய தொழிலைப் பழக எனப் பயிற்சி படிப்படியாக நகரும்.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்ச்சியற்ற பாதத்தைக் காக்க வேலூரில் கற்ற முறைகள், அங்கே நீரிழிவு நோயாளிகளின் கால்களைக் காக்கவும் உதவின. இழந்ததை முழுவதுமாக மீட்க முடியாதபோதும், மீந்த தசைக்கும் மீந்த புலனுக்கும் புதிய வேலை கற்றுத்தர முடியும் என்பதை வேலூரின் நோயாளிகளும் மருத்துவர்களும் சேர்ந்தே நிறுவினார்கள்.