பிடியரிசியிலிருந்து கல்வீடு வரை

நூற்றாண்டு மலரில் ஒரு சங்கத்தின் வரலாறு எழுதப்படும்போது மண்டபம் கட்டியது, நூலகத்துக்கு அலுமாரி வாங்கியது, பரிசளிப்பு விழாவுக்கு நிதியம் அமைத்தது என்பவை தவறாமல் இடம்பெறும். அவற்றை எழுத நம்மிலும் தகுதியான அக்காமார் இருக்கிறார்கள். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது, சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் "ஏனைய செலவுகள்" என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கிக் கிடக்கும் வரலாற்றை. வீடிழந்து நின்ற நம் ஊரவர்களுக்காக இந்தச் சங்கத்துப் பெண்கள் சேர்த்த பணமும் செலவிட்ட நாட்களும் அதில் அடங்கும். செய்யத் தவறியவையும் அடங்கும்.

1995 இடப்பெயர்வில் சங்கத்தின் பழைய கூட்ட அறிக்கைகள் பல அழிந்துபோயின. ஆகவே முற்காலத்துச் செய்திகளை மூத்த பழைய மாணவிகள் வாய்ச்சொல்லாகத் தந்தவற்றிலிருந்தே எடுத்திருக்கிறோம்.

வீடு யாருடையது?

பெண்கள் பாடசாலையின் பழைய மாணவிகளுக்கு வீடு கட்டும் வேலையில் என்ன அக்கறை என்று கேட்பவர்கள் இருந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தவருக்கு அதன் விடை தெரியும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமையின்படி தாயின் சீதனம் மகளுக்குப் போகும். நம்மிற் பலர் பிறந்த வீடு அம்மாவின் வீடு, அதற்கு முன்னர் அம்மம்மாவின் வீடு. எனவே இங்கு ஒரு வீடு எரிந்தாலோ இடிந்தாலோ குடும்பத்தின் கூரையோடு அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் சீதனமும் போகிறது. வீட்டை இழந்த தாய் முதலில் தன் மகளைப் பார்த்து அழுவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

அதே தேசவழமையின் மறுபக்கமும் உண்டு. திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போயிருந்தால் அவள் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இந்தச் சட்ட நுணுக்கம் எவ்வளவு பெரிய தடையாகும் என்பதைப் பின்னாளில் அனுபவத்திலேயே அறிந்துகொண்டோம்.

பிடியரிசிக் காலம்

சங்கம் தொடங்கிய காலத்தில் நிதி சேர்ப்பதற்கு இருந்த வழி எளிமையானது. சோறாக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியாக ஒரு முட்டியில் போட்டுவைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் சைவ வீடுகளிலும் கிறிஸ்தவ வீடுகளிலும் இந்தப் பிடியரிசி வழக்கம் இருந்தது. கோயிலும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் அதனால் வளர்ந்தன. வீட்டில் பணம் ஆண்களின் கையில் இருந்த காலத்தில் பெண்கள் எவரிடமும் கேட்காமல் கொடுக்கக் கூடியதாக இருந்தது அந்த ஒரு பிடி அரிசிதான்.

காற்றடித்துக் கிடுகுக் கூரை பறந்த குடும்பத்துக்கும், தீப்பற்றிய கொட்டிலுக்கும், சேர்ந்த அரிசியை விற்றுக் கிடுகும் பனைமரச் சிலாகையும் வாங்கிக் கொடுத்ததாக மூத்த அக்காமார் சொல்வார்கள். மாணவிகள் சனிக்கிழமைகளில் கிடுகு பின்னினார்களாம். பின்னர் விற்பனைச் சந்தை, நாடகம், அதிர்ஷ்டலாபச் சீட்டு என்று வழிகள் பெருகின. எனினும் அந்நாளைய உதவி ஒரு மழைக்காலத்துக்கான உதவியே. அடுத்த மாரியில் அதே குடும்பம் மறுபடியும் வந்து நிற்கும். அவர்களுக்குச் சொந்தமாகக் காணி இல்லை என்பதையும், அதற்குச் சாதியும் ஒரு காரணம் என்பதையும் சங்கம் அந்நாளிற் பேசியதாக எவரும் நமக்குச் சொல்லவில்லை.

வகுப்பறைகளில் குடியிருந்தவர்கள்

1958 கலவரத்தில் கொழும்பிலிருந்து தமிழர் கப்பலேறி வடக்கே வந்தார்கள். 1977இலும் 1983இலும் அது மறுபடியும் நடந்தது. 1983 யூலையில் இரத்மலானை விமான நிலையத்திலும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் தங்கியிருந்தவர்கள் காங்கேசன்துறையில் வந்திறங்கியபோது, கையில் ஒரு பையோடு வந்தவரே அதிகம். உறவினர் உள்ளவர்கள் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் பாடசாலைகளுக்கு வந்தார்கள். மேசைகளை மூலையில் அடுக்கிவிட்டு ஒரு வகுப்பறையில் மூன்று குடும்பங்கள் இருந்தன. பழைய மாணவிகள் முறைவைத்துச் சமைத்தார்கள். சேலைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைப்புச் செய்தார்கள்.

இந்தக் காலத்தில் வீடற்றோர் பற்றி நம் சமூகம் கற்க வேண்டியிருந்த பெரிய பாடத்தைக் கற்பித்தது காந்தியம் இயக்கம். மருத்துவரான இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞரான டேவிட்டும் முன்னின்று நடத்திய அந்த இயக்கம், 1977 கலவரத்தில் அகதியான மலையகத் தமிழரை வவுனியாப் பகுதியில் குடியமர்த்தியது. அந்த மக்கள் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர்களும் அவர்களின் பிள்ளைகளும். தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொந்த வீடு என்பதே புதிது. காந்தியம் அவர்களுக்கு நிலமும் கிணறும் விதைநெல்லும் தேடிக் கொடுத்தது. பாலர் பாடசாலைகளைத் திறந்து இளம் பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அந்த யூலையில் வெலிக்கடைச் சிறையில் நடந்த படுகொலையில் மருத்துவர் இராஜசுந்தரம் உயிரிழந்தார். ஒரு குடும்பத்துக்கு நிலம் காட்டிக் கொடுப்பது எத்தனை பாரிய செயலாக இருக்கலாம் என்பதை அந்த மரணம் காட்டியது.

ஒரே திகதி, இரண்டு ஆண்டுகள்

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவை நம் வயதினர் எவரும் மறக்கவில்லை. நாங்கள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆண்டு அது. மழையில், இருட்டில், வலிகாமம் முழுவதும் செம்மணி வீதியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓரிரு நாட்களில் வீடற்றவர்களானார்கள். வைத்தியரும் அதிபரும் மேசனும் கூலித் தொழிலாளியும் ஒரே மரத்தின் கீழ் இருந்தோம். கைதடியிலும் சாவகச்சேரியிலும் மீசாலையிலும் நம்மை முன்பின் அறியாதவர்கள் மாட்டுக் கொட்டிலையும் விறாந்தையையும் ஒழித்துத் தந்தார்கள். அந்த ஆறு மாதத்தை மறவாதவர்களே பின்னர் இச்சங்கத்தின் வீட்டு நிதியைத் தொடங்கினார்கள்.

ஆனால் அந்தத் திகதிக்கு இன்னொரு நினைவும் உண்டு. சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1990 ஒக்ரோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் ஆறாம் வகுப்பில் சில கதிரைகள் வெறுமையாகின. அந்தத் தோழிகளும் இந்தப் பாடசாலையின் பிள்ளைகளே. புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டில்களில் அவர்கள் வளர்ந்த காலத்தில் நம் சங்கம் அவர்களுக்காக ஒரு சதமும் சேர்க்கவில்லை, விசாரிக்கக்கூட இல்லை. பயம் இருந்தது உண்மை. பயம் நீங்கிய பின்னரும் நாம் தேடிப் போகப் பல ஆண்டுகள் சென்றன. நூற்றாண்டு மலரில் இதை எழுதாமல் விட்டால் இந்த வரலாறு முழுமையடையாது.

சுவர் நின்ற இடம்

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2009இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வவுனியா முகாம்களில் இருந்தார்கள். மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் கூரையற்ற சுவர்களையும் பற்றை மண்டிய வளவுகளையுமே கண்டார்கள்.

2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டம் 50,000 வீடுகளைக் கொண்டது. வடக்கிலும் கிழக்கிலும் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். வேலை நகர நகரப் பணம் பகுதி பகுதியாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். வீட்டைக் கட்டுவிப்பது அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. நல்ல திட்டந்தான். ஆனால் மண் சுமக்கவும் மேசனோடு பேரம் பேசவும் ஆளுள்ள வீடுகளில் அது விரைவாக நடந்தது. கணவனை இழந்த பெண்ணும் தனித்த முதியவளும் பின்தங்கினார்கள். காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ காட்ட முடியாதவர்கள் பெயர்ப் பட்டியலுக்குள் வருவதே கடினமாக இருந்தது.

இந்த இடைவெளியை நிரப்புவோம் என்று இலண்டன், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகள் முன்வந்தன. இராப்போசன விருந்தும் நடைபவனியும் நடத்திப் பணம் சேர்த்தார்கள். நாம் முதலில் தெரிவுசெய்தது வன்னியில் இரண்டு பிள்ளைகளுடன் தனித்திருந்த ஒரு இளந்தாயை. பணத்தை ஒரே தடவையில் கொடுத்தோம். திறப்பு விழாவுக்குப் பதாகையும் அடித்துக்கொண்டு வான் பிடித்துப் போனோம். போய்ப் பார்த்தால், சுவர் யன்னல் உயரத்தில் நின்றது. பக்கத்தில் தறப்பாள் கொட்டிலில் அவள் தேநீர் வைத்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வீடு கட்டியதால் மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் ஏறிவிட்டன. முற்பணம் வாங்கிய மேசன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவள் தோட்டை அடகுவைத்திருந்தாள். "வெளிநாட்டு அக்காமார் குறைநினைப்பினமோ எண்டுதான் சொல்லேல்லை" என்றாள். பதாகையை வானைவிட்டு இறக்காமலே திரும்பினோம்.

அதன்பின் நம் வேலைமுறையை மாற்றினோம். அத்திவாரம், சுவர், கூரை என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பின்னரே மேசனுக்குப் பணம். சீமெந்தையும் ஓட்டையும் பல வீடுகளுக்குச் சேர்த்து வாங்கினோம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சங்கத்தில் ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பார். சட்டத்தரணிகளான நம் சகோதரிகள் கட்டணமின்றிக் காணிப் பத்திரங்களைப் பார்த்தார்கள். கணவன் காணாமற்போன பெண்களுக்காக நீதிமன்றம் போனார்கள். மருத்துவத் துறையில் இருந்த நாம் மலசலகூடமும் கிணற்றுக் கட்டும் முதலில் வேண்டும் என்று வற்புறுத்தினோம். கொட்டிலில் நிலத்திற் படுப்பவர்களைப் பாம்பு கடித்து வார்டுக்குக் கொண்டுவருவதையும், ஒரே பிள்ளை வயிற்றோட்டத்தோடு மூன்றாம் தடவை வருவதையும் பார்த்தவர்களுக்கு வீடும் ஒரு மருந்து என்பதை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கற்றோம். கட்டி முடித்த வீடுகளின் முகப்பில் உதவியவர் பெயரைப் பளிங்குக் கல்லிற் பதித்தோம். ஒரு வருடத்தின் பின் போனபோது ஒரு வீட்டில் அந்தக் கல்லின்மேல் கலண்டர் தொங்கியது. அந்த வீட்டு மகள் நம் கண்ணைப் பார்க்காமல், "பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் வந்து வாசிக்கினம்" என்றாள். சொந்த வீட்டுக்குள்ளும் அவளை அகதியாக வைத்திருந்தது நம் கல். அடுத்த பொதுக்கூட்டத்தில் இனிப் பெயர்க்கல் பதிப்பதில்லை என்று தீர்மானித்தோம். சிலர் மனம் வருந்தி நன்கொடையை நிறுத்தினார்கள். பலர் தொடர்ந்தார்கள்.

இனி

இப்போது வீடற்றவர்கள் முகாமில் வரிசையாக இருப்பதில்லை. அதனால் கண்ணிற் படுவதும் இல்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்களிற் பலர் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் முகாம்களிலும் பிறர் காணிகளிலும் வாழ்ந்தார்கள். 2017இல் கேப்பாப்பிலவுப் பெண்கள் வீதியோரத்தில் இரவுபகலாக அமர்ந்துதான் தங்கள் காணியில் ஒரு பகுதியைப் பெற்றார்கள். நுண்கடன் கட்ட முடியாமல் வாடகை வீட்டை விட்டெழும்பியவர்களும், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க உறவினரின் விறாந்தையில் படுத்துறங்கும் முதியவர்களும் நம் அயலில் இருக்கிறார்கள். அவர்களில் நம் பாடசாலையில் படித்தவர்களும் உண்டு என்பதைச் சென்ற ஆண்டுகளில் வீடுவீடாகப் போனபோது அறிந்தோம். ஒருவர் நமக்குக் கணிதம் படிப்பித்த ரீச்சர்.

பெரிய தொகைகளை எண்ணி மலைக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டின் கதவு நிலை, ஒரு குடும்பத்தின் மூன்று மாத வாடகை, ஒரு காணி வழக்கின் முத்திரைச் செலவு என்று பகுத்தால் நம் ஒவ்வொருவருக்கும் இயன்ற பங்கு ஒன்று இருக்கும். பணம் அனுப்ப முடியாதவர்கள் ஒரு சனிக்கிழமை வரலாம். ஊரிலிருப்பவர்கள் அயலைக் கவனித்துச் சொல்லலாம். 1990இல் பிரிந்த தோழிகளின் விலாசம் தெரிந்தவர்கள் சங்கத்துக்கு எழுதுங்கள். அவர்களையும் அழைக்காமல் நூற்றாண்டு விழா எடுக்க நமக்கு மனம் வரவில்லை.

யன்னல் உயரத்தில் நின்ற அந்தச் சுவர் பின்னர் எழும்பியது, கூரையும் ஏறியது. அவளுடைய மூத்த மகள் இன்று ஆசிரியை. மாதந்தோறும் தன் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகையை வீட்டு நிதிக்கு அனுப்புகிறாள். நம் பாடசாலையில் அவள் படிக்கவில்லை. எனினும் கணக்குப் புத்தகத்தில் அவள் பெயரைச் சங்க உறுப்பினர்களின் வரிசையிலேயே எழுதுகிறோம்.