பெருமாநல்லூர் முதல் கோவில்பட்டி வரை

அரபு மொழியில் 'ஃப - ல - ஹ' என்னும் மூன்றெழுத்து வேர்ச்சொல் ஒன்று உண்டு. பிளத்தல், நிலத்தைக் கீறுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். நிலத்தைக் கீறி உழுபவன் 'ஃபல்லாஹ்'. அதே வேரில் பிறந்த 'ஃபலாஹ்' என்பதற்கு வெற்றி, ஈடேற்றம் என்று பொருள். நாள்தோறும் ஐந்து வேளை பாங்கொலியில் நாம் கேட்கும் சொல் இதுவே. உழவனும் வெற்றியும் ஒரே வேரில் கிளைத்தவர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் போதெல்லாம், நம் உள்ளம் திருப்பூருக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள பெருமாநல்லூருக்குச் சென்றுவிடுகிறது. அங்கே மூன்று உழவர்கள் காவல்துறையின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அவர்கள் தொடங்கிவைத்த வரலாறு வெற்றியில் முடிந்ததா, தோல்வியில் முடிந்ததா? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கிணறும் மின்சாரமும்

கொங்கு நாட்டின் நிலஅமைப்பை அறியாமல் இவ்வரலாறு விளங்காது. காவிரிப் படுகையைப் போல ஆற்றுநீர் தானே வந்து வயலில் பாயும் பேறு இம்மேட்டு நிலத்திற்கு இல்லை. நொய்யல், மழைக்கு ஓடி வெயிலுக்கு வற்றும் ஆறு. ஆகவே பாறையைக் குடைந்து கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்தே இங்குள்ளோர் பருத்தியும் சோளமும் விளைத்தார்கள். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. ஆலைகள் பெருகின, நாளடைவில் கிணற்று மேட்டிலும் மின்கம்பம் நின்றது, கவலை மாடு ஓய்வு பெற்றது. தஞ்சை உழவன் அணையில் நீர் திறக்கும் நாளை எதிர்நோக்கியிருந்தான். கொங்கு உழவனோ மின்வாரியத்தின் கட்டணச் சீட்டை எதிர்நோக்கி இருக்கலானான். அவன் அரசியல் அந்தச் சீட்டிலிருந்தே பிறந்தது.

அதே காலத்தில் திருப்பூரில் மற்றொரு தொழிலும் வேரூன்றியது. 1925ஆம் ஆண்டளவில் குலாம் காதர் என்னும் நம் சமுதாயப் பெரியவரே இங்கு முதல் பனியன் தொழிலகத்தை நிறுவியவர் என்று இந்நகரின் தொழில் வரலாறு கூறுகின்றது. பின்னாளில் அத்தொழிலைப் பெருக்கியவர்களில் மிகப் பலர் உழவர் குடியிலிருந்து வந்தவர்கள். நிலத்தை நம்பிய குடியினர் பொறியை நம்பத் தொடங்கியதற்குக் கிணற்று வேளாண்மை தந்த இன்னலும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஒரு பைசா

1970இல் கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த காலத்தில், வேளாண்மைக்கான மின்கட்டணம் உயர்த்தப்பட்டது. ஒரு யூனிட்டுக்கு ஒரு பைசாவேனும் குறைக்க வேண்டும் என்பதே உழவர்களின் கோரிக்கை. இவ்வளவு சிறிய காசுக்கா இத்துணைப் போராட்டம் என்று நகரத்தார் வியந்ததுண்டு. இரவு பகலாக நீர் இறைப்பவனுக்குப் பைசாக்கள் மூட்டையாகச் சேரும் என்பதை அவர்கள் அறியார். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது; மூவர் மாண்டனர். அந்நாளில் அவ்வூர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

அரசு வரி வாங்குவது குற்றமன்று. ஆனால் வாங்கும் முறைக்கு வரம்பு உண்டு. அப்பாஸியக் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் இயற்றிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூல், உழுவோர் மீது தாங்கவியலாத சுமையை ஏற்றலாகாது என்று ஆட்சியாளருக்கே எடுத்துரைக்கின்றது. வரி வசூலைக் குத்தகைக்கு விடுவதையும் அது கண்டிக்கின்றது. எட்டாம் நூற்றாண்டின் அறிவுரை அது. கட்டணம் விதிக்கும் எக்காலத்து அரசுக்கும் பொருந்தும்.

பெருமாநல்லூரில் சிந்திய குருதியோடு போராட்டம் ஓயவில்லை. கோவைக்கு வடக்கே வையம்பாளையத்தில் 1925 பிப்ரவரி 6இல் பிறந்த சி. நாராயணசாமி நாயுடு அதன் தலைவராக உயர்ந்தார். எளிய தோற்றம், தோளில் பச்சைத் துண்டு, உழவர்க்கு விளங்கும் பேச்சு ஆகியவையே அன்னாரின் படைக்கலம். 1972இல் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோவை நகரத்துச் சாலைகளை அடைத்து நின்றன. கல்லெறியாமல், கடையை உடைக்காமல், வண்டியை நிறுத்திவிட்டு மாட்டை அவிழ்த்துவிட்டதாலேயே ஒரு பெருநகரம் அசைவற்றுப் போயிற்று. அவ்வாண்டுப் போராட்டத்தில் காவல்துறையின் குண்டுக்கு 15 உழவர்கள் பலியாயினர். ஜூலை 5ஆம் நாளை அவர்கள் நினைவாக உழவர் அமைப்புகள் இன்றும் போற்றி வருகின்றன. உயர்த்திய கட்டணத்தில் ஒரு பைசா குறைந்தது. அடுத்த ஆண்டில் இயக்கம் மாநில அளவில் 'தமிழக விவசாயிகள் சங்கம்' என்று உருப்பெற்றது. எந்தக் கட்சியையும் சாராத அமைப்பு என்பதே அதன் பெருமை.

கலந்தவர்களின் கதை

உழவர் பெருமக்கள் அரசியலில் தனிக்கொடி பிடித்தது இதுவே முதன்முறையன்று. நாட்டின் முதற் பொதுத்தேர்தலுக்கு முன்னரே, 1951இல், கடலூர் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் 'தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி'யைத் தொடங்கினார். வடஆர்க்காட்டில் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கர் 'காமன்வீல் கட்சி'யை நடத்தினார். இரண்டும் வடமாவட்டங்களின் வன்னிய உழவர் குடிகளை அடித்தளமாகக் கொண்டவை. 1952இல் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. பெரும்பான்மையற்ற ஆளுங்கட்சியின் முன் அந்த 25 பேரும் தராசின் முள்ளாக நின்றார்கள்.

பின் நிகழ்ந்தது யாது? ராஜாஜி அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயக்கர் இடம் பெற்றார். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானபோது படையாட்சியாரும் அமைச்சரானார். இரு கட்சிகளும் காங்கிரசில் கலந்து மறைந்தன. தோன்றி மூன்றாண்டுகளில் கதை முடிந்தது.

இதனை விலைபோனமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் நடுநிலை பிறழாமல் பார்க்க வேண்டும். மாணிக்கவேலு நாயக்கர் வருவாய்த்துறை அமைச்சராக விளங்கிய காமராசர் ஆட்சியில்தான், 1955இல் சாகுபடிக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாய வாரச் சட்டமும் வந்தன. கட்சியின் பெயர் அழிந்தாலும், உழுபவனை நிலத்திலிருந்து நினைத்தவுடன் வெளியேற்ற முடியாதென்னும் நிலை உருவாயிற்று. இழப்பையும் பேற்றையும் ஒருசேர நிறுத்துப் பார்ப்பதே வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகும்.

வங்கத்தின் எச்சரிக்கை

இவர்களுக்கும் முன்னோடியாக வங்கத்தில் ஏ.கே. ஃபஸ்லுல் ஹக் சாஹிப் நடத்திய 'கிருஷக் பிரஜா கட்சி'யை நம் வாசகர் பலர் அறிந்திருப்பர். ஜமீன்தாரி முறைக்கும் வட்டிக் கொடுமைக்கும் எதிராக, பருப்பும் சோறும் என்னும் எளிய முழக்கத்துடன் எழுந்த கட்சி அது. 1937 தேர்தலில் பட்டுவாகாலித் தொகுதியில் பெருஞ்செல்வக் குடியினரான குவாஜா நாஸிமுத்தீனை ஹக் சாஹிப் தோற்கடித்தார். முஸ்லிம் லீகுடன் கூட்டமைச்சரவை அமைத்துப் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபரில் லக்னோ மாநாட்டில் அவரே லீகில் இணைந்தார். 1938இல் குத்தகைச் சட்டத் திருத்தமும், 1940இல் வட்டிக்காரர் சட்டமும் அவர் ஆட்சியில் வந்தன. ஆனால் அவருடைய கட்சி பிளவுண்டு மெலிந்தது. லீகிலிருந்தும் அவர் வெளியேற நேர்ந்தது. 1946 தேர்தலில் உழவர் கட்சிக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களே. பெரிய கட்சியில் கலப்பவர், தம்மைத் தாங்கி நின்ற கூட்டத்தையும் உடன் அழைத்துச் செல்வது அரிது என்பதற்கு வங்கம் சான்று பகர்கின்றது.

சங்கம் கட்சியானபோது

கொங்கு நாட்டுக்குத் திரும்புவோம். பத்தாண்டுக் காலம் கட்சிகளுக்கு வெளியே நின்ற நாராயணசாமி நாயுடு, 1982இல் 'இந்திய விவசாயிகள் உழைப்பாளர்கள் கட்சி'யைத் தொடங்கினார். கோரிக்கை வைத்தே காலம் கழிகிறது. கோட்டைக்குள் நாமே சென்றாலன்றித் தீர்வு இல்லை என்று தொண்டர்கள் எண்ணியதில் வியப்பில்லை. மாட்டு வண்டியுடன் வந்தவர்களெல்லாம் வாக்குச் சாவடிக்கும் வருவார்கள் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை பொய்த்தது. 1984 டிசம்பர் 21இல், தேர்தல் பணியின் நடுவே, கோவில்பட்டியில் நாராயணசாமி நாயுடு காலமானார். வாக்குப்பதிவுக்கு மூன்று நாட்களே எஞ்சியிருந்தன. அத்தேர்தலில் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வும் காங்கிரசும் சேர்ந்து பெருவெற்றி ஈட்டின. உழவர் கட்சியின் சார்பில் ஒருவரும் சட்டமன்றம் புகவில்லை.

தோல்விக்குக் காரணம் தலைவரின் மறைவு மட்டுமன்று. மின்கட்டணம் உயர்ந்தபோது எக்கட்சி உழவனும் பச்சைத் துண்டு அணிந்தான். தேர்தல் வந்தபோது அவனவன் தன் பழைய கொடியின் கீழ்ச் சென்றான். இது முதற் காரணம். இரண்டாவது, அதனினும் ஆழமானது. கட்சியின் பெயரில் 'உழைப்பாளர்' இருந்தார். முதன்மைக் கோரிக்கைகளில் அவர் இல்லை. கிணறும் மோட்டாரும் உள்ளவனுக்கே மின்கட்டணம் சுமை. வரப்பில் களை பறிக்கும் கூலிப் பெண்ணுக்கு எந்த யூனிட்டும் இல்லை, எந்தச் சீட்டும் இல்லை. அவளுடைய கூலி உயர்வைப் பற்றிக் கிணற்றுக்காரர் சங்கம் உரத்துப் பேசவில்லை. சங்கத்துக்கு உறுப்பினர் போதும். கட்சிக்கோ உறுப்பினரல்லாதவரின் நெஞ்சமும் வேண்டும். அந்நெஞ்சத்தை எம்.ஜி.ஆர். முன்னரே வென்றிருந்தார்.

தலைவர் மறைந்தபின் இயக்கம் பல கிளைகளாகப் பிரிந்தது. அவற்றுள் சில 'கட்சி சார்பற்ற' என்னும் அடைமொழியைத் தம் பெயரிலேயே சூட்டிக்கொண்டன. பட்டறிவு கற்பித்த பாடம் பெயர்ப் பலகையில் ஏறியது எனலாம்.

மறைந்தது எது, நின்றது எது?

கட்சி வென்றிலது, கோரிக்கையோ வென்றது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வழங்கியது. 1989இல் மீண்டும் அமைந்த தி.மு.க. அரசு அதனை எல்லா உழவர்க்கும் விரிவாக்கியது. எக்கட்சியின் ஆட்சியில் பெருமாநல்லூரில் குண்டு பாய்ந்ததோ, அக்கட்சியே பின்னர்க் கட்டணத்தை அறவே நீக்கியது. பின்வந்த அரசுகளில் மிகப் பல அதில் கைவைக்கத் தயங்கின. ஒரு பைசாவுக்காக மாண்டவர்களின் மக்களும் பேரர்களும் ஒரு பைசாவும் செலுத்தாமல் நீர் இறைக்கிறார்கள். நிலத்தடி நீர் அதனால் இன்னும் ஆழத்துக்குப் போயிற்று என்னும் குறையும் உண்டு. அதையும் மறைத்தல் தகாது.

மற்றொரு நிகழ்ச்சி நம் நகரத்தாரின் மனச்சான்றைத் தொடுவது. பனியன் தொழில் ஏற்றுமதியால் ஓங்கியபோது, சாயக் கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. அங்குள்ள உழவர்கள் கட்சி தொடங்கவில்லை. ஆயக்கட்டுப் பாதுகாப்புச் சங்கமாகத் திரண்டு நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் அடைபட்டன. வேலையிழந்தவர்களில் நம்மவரும் இருந்தனர். கழிவை விட்டவர்களிலும் நம்மவர் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆற்றின் தலைமாட்டில் இருப்பவன் கடைமடைக்காரனின் உரிமையை மறக்கலாகாது என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் விரித்துரைக்கும் நீர்ப்பங்கீட்டு நெறி. அதனை நமக்கு நினைவூட்ட ஓர் உழவர் சங்கம் வழக்காட வேண்டியிருந்தது என்பது நாம் நாணத்தக்கதே.

தனித்து நிற்பதா, கலந்துவிடுவதா என்னும் வினா நமக்கும் புதியதன்று. நாட்டுப் பிரிவினைக்குப்பின் லீகைக் கலைத்துவிடுங்கள் என்று பலரும் வற்புறுத்திய வேளையில், 1948 மார்ச் 10இல் சென்னை ராஜாஜி மண்டபத்தில் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் (ரஹ்) அவர்கள் இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தொடரச் செய்தார்கள். அன்று கலைந்திருந்தால் என்னாகியிருக்கும் என்று நம் பெரியோர்கள் இன்றும் விவாதிப்பதுண்டு. உழவர் கட்சிகளின் வரலாறு அவ்விவாதத்துக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. கொடி நின்றதா என்பதைக் காட்டிலும், கொடிக்குக் கீழே நின்றவர்களில் மிகவும் எளியவனுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்பதே அந்த அளவுகோல்.

பெருமாநல்லூரின் மூவரும் பதவி கேட்டவர்களல்லர். களை பறித்த பெண்ணுக்குச் சேர வேண்டிய பங்கு மட்டும் இன்னும் பாக்கி நிற்கிறது. 'ஃபலாஹ்' என்னும் சொல்லின் பொருள் அவளுக்கும் கிட்டும் நாளிலேயே இவ்வரலாறு நிறைவு பெறும். வல்ல இறைவன் அந்நாளை விரைவில் அருள்வானாக!