கேட்டதும் வருகிறதா படம்?

ரெட்டியார்சத்திரத்தில் ஓர் ஓட்டு வீட்டின்மேல் டிஷ் ஆன்டெனா நிற்கிறது. உள்ளே பொத்தானை அழுத்தினால் வினாடிவினா, சமையற்குறிப்பு, திரைப்படம் யாவும் வருகின்றன. நம் வேண்டுகோள் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள துணைக்கோளுக்கா செல்கிறது? இல்லை. அந்த ஆன்டெனா வாங்கும், அனுப்பாது.

1975-76இல் 'சைட்' சோதனையின்போது 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் துணைக்கோள் வழியே படம் கண்டன. அந்த அலையும் ஒருவழிப் பாதையே.

பின் விரும்பியதைப் பெறுவது எவ்வாறு? 1985இல் டில்லி தூர்தர்ஷன் தொடங்கிய டெலிடெக்ஸ்டைப் பாருங்கள். எல்லாப் பக்கங்களும் ராட்டினம்போல் சுற்றி ஒளிபரப்பாகும். வேண்டிய பக்கம் வரும்போது பெட்டி அதைப் பிடித்துக்கொள்ளும். டி.டி.எச். பெட்டிகளின் ஊடாட்டப் பக்கங்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

திரைப்படத்துக்கு வேறு உத்தி. ஒரே படத்தைப் பல அலைவரிசைகளில் நேரம் மாற்றித் தொடங்குவார்கள். நாம் தொலைபேசியில் கேட்டால், பூட்டைத் திறக்கும் குறியீடு மட்டும் வான்வழியே பெட்டிக்கு வரும். 2008இல் வந்த டாட்டா ஸ்கை பிளஸ், நிகழ்ச்சியைப் பெட்டிக்குள்ளேயே பதிவுசெய்து வைத்தது.

உண்மையில் கேட்டபோது கிடைக்க, கேள்வி திரும்பிச் செல்லும் பாதை வேண்டும். இணையம் அதைத் தருகிறது. ஆனால் துணைக்கோளின் ஓர் அலை கோடி வீடுகளுக்குப் போதும். இணையத்திலோ வீட்டுக்கு வீடு தனி ஓட்டம் தேவை. ஆகவே கிராமத்துக்கு நல்ல இணைப்பு வராதவரை அந்த வசதி எட்டாக்கனியே.

அடுத்தமுறை 'ஊடாட்ட வசதி உண்டு' என்று யாரேனும் விற்க வந்தால், நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: "என் கேள்வி எந்த வழியாகத் திரும்பிப் போகிறது?"